ஆடியில் நான் என்ன செய்தேன், அண்ணி?

2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணம். அன்றைக்கு மத்தியானமே எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிட்டது. ‘கர்ப்பிணிகள் கவனத்திற்கு’ என்று மேலே சிவப்பு எழுத்து. வெளியே வரக் கூடாது, கத்தி, அரிவாள்மனை தொடக் கூடாது, ஊசியில் நூல் கோர்க்கக் கூடாது. மீறினால் பிள்ளை மூளியாகப் பிறக்கும். அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாவது மாதம். அந்தக் கவலையில் அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்தக் குழுவில் என் தம்பி மனைவியும் இருக்கிறாள். அவளும் இதைப் படித்திருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டதை இப்போது எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பி என்றால் பெரியம்மா மகன். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டைச் சுற்றி நாலைந்து மாமரம், ஒரு கொட்டகை, பத்துப் பன்னிரண்டு ஆடு, அது போகக் கோழிகள். 2019 டிசம்பர் 26 காலை எட்டு மணிக்கு மேல் சூரிய கிரகணம் பிடித்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்ததே, அந்தக் கிரகணம். எங்கள் பக்கம் வளையம் தெரியவில்லை. வெயில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போனது. அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். தம்பி ஓசூருக்கு ஷிஃப்டுக்குப் போயிருந்தான், பெரியம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். கொட்டகையில் ஒரு பெட்டைக் குட்டி கத்தியிருக்கிறது. கயிறு கழுத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. இவள் ஓடிப்போய் இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டாள். இரண்டு நிமிஷ வேலை. குட்டி பிழைத்தது.

2020 மார்ச் 14 பெண் குழந்தை பிறந்தது. மேலுதட்டில் இடது பக்கம் மூக்குத் துவாரம் வரை பிளவு. நல்லவேளை, உள்ளே அண்ணம் முழுசாக இருந்தது. பத்து நாளில் ஊரடங்கு வந்துவிட்டது. மூன்று நான்கு மாதத்தில் நடந்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை வருஷக் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் பாப்பாவைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் பெரியம்மா சொல்வார்: “கிரகணத்துல அரிவா புடிச்சா. எங்க போயி சொல்ல?” கோபமாகச் சொன்னதில்லை, அழுதுகொண்டேதான் சொல்வார். அவள் அதே அறையில், பாலாடையில் பாலை எடுத்து, பாப்பாவின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பாள். தலை நிமிராது.

நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். விலங்கியல் படித்தவள். கருவியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெக்கார்டு நோட்டு

விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த ஸ்லைடுகள் நினைவிருக்கும். 24 மணி நேரக் கோழிக் கரு, 33 மணி நேரம், 48 மணி நேரம், 72 மணி நேரம். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பக்கவாட்டில் கோடு இழுத்துப் பெயர் எழுதுவோம். நரம்புக்குழல், இதயம், கண் கிண்ணம். நானும் வரைந்தேன். ஆனால் அந்த நான்கு படமும் ஒரே உயிர், ஒன்றிலிருந்து ஒன்றாக அது தானே மடிந்து தானே உருண்டு போயிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நான்கு தனித்தனி படங்கள், நான்கு தனித்தனி மதிப்பெண்கள், அவ்வளவுதான்.

ஊரடங்கில் நான் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு. ஒருநாள் போனபோது அவர் அடை வைத்துக்கொண்டிருந்தார். கூடையில் வைக்கோல், அதன்மேல் பதிமூன்று முட்டை, ஓரத்தில் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாது என்பதற்கு. சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் ஒன்று தோன்றியது. கோழி இந்தப் பதிமூன்றையும் ஒரே நாளில் இடவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்புறம் எப்படி எல்லாம் இருபத்தொன்றாம் நாள் ஒன்றாகப் பொரிக்கின்றன? பெரியம்மாவைக் கேட்டேன். “அடைல படுத்தாதான உசுரு ஓடும்” என்றார். பாடப்புத்தகம் சொல்வதும் அதேதான். இட்ட முட்டையில் மஞ்சள் கருவின்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அதில் பல்லாயிரம் செல்கள். சூடு குறைந்ததும் அது அப்படியே நின்று காத்திருக்கும். கோழி படுத்து 37, 38 டிகிரி சூடு ஏறியதும் பதிமூன்று புள்ளிகளும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும். பெரியம்மா தன் வாழ்நாள் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது.

அவரிடம் கூடுதலாக இரண்டு முட்டை வாங்கி அதே கூடையில் குறிபோட்டு வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் உடைத்தேன். மஞ்சள் கரு உடையாமல் மிதந்தது. அதன் மேல் சிவப்பு நூல்கள், மழை பெய்த மறுநாள் மண்ணில் தண்ணீர் ஓடின தடம் மாதிரி கிளை பிரிந்து ஓடின. நடுவில் வளைந்த ஒரு சின்னப் பொருள், காற்புள்ளி அளவு. அதன் வயிற்றோரம் ஒரு சிவப்புப் பொட்டு துடித்தது. நின்றது, துடித்தது. கண்ணுக்குக் கறுப்பு இன்னும் ஏறவில்லை. வாய் என்று சொல்ல எதுவும் இல்லை. முகமே இல்லாத ஒன்றுக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கோழிக் கருவில் ஒன்றரை நாள் ஆவதற்குள் அந்தத் துடிப்பு ஆரம்பித்துவிடுகிறது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அரிஸ்டாட்டில் முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து இதே துள்ளும் பொட்டை எழுதி வைத்திருக்கிறார். முதுகில் இரண்டு பக்கமும் பாசிமணி கோர்த்தது போல ஜோடி ஜோடியாகத் தடிப்புகள் தெரிந்தன. முதுகெலும்பும் தசையும் அவற்றிலிருந்துதான் வரும். கோழியில் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு ஜோடி வீதம், தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக, கடிகாரம் வைத்த மாதிரி வரும். இதை நான் வரைந்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். அந்தத் துடிப்பு மெதுவாகி அடங்குகிறவரை கிண்ணத்தை விட்டு நகர முடியவில்லை. ஒரு உயிரை எடுத்துவிட்டோம் என்ற கனமும் இருந்தது. இன்னொரு முட்டையை உடைக்காமல் அடையிலேயே விட்டுவிட்டேன்.

வெட்டுப்பட்டதா, சேராததா

அதற்கப்புறம் பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு விஷயம் புரிய வேண்டியிருந்தது: முகம் எப்படி வருகிறது?

1694இல் ஹார்ட்சூக்கர் என்ற டச்சுக்காரர் ஒரு படம் வரைந்தார். விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கை, கால், தலை எல்லாம் தயார். பெரிதாக வேண்டியதுதான் பாக்கி. அப்போது நிறையப் பேர் நம்பியது இது. 1759இல் காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் கோழிக் கருவைப் பார்த்து, இல்லை, உள்ளே எதுவும் தயாராக இல்லை, உறுப்புகள் ஒவ்வொன்றாகப் புதிதாகத்தான் உண்டாகின்றன என்று சொன்னார். தோசை ஓரத்தை மடித்துச் சுருட்டுகிற மாதிரி, தட்டையாக இருந்த ஏடு மடிந்து குடலாகிறது என்று பின்னால் காட்டினார். இதை ஏற்றுக்கொள்ளவே பல காலம் ஆனது.

பெரியம்மா பேசுவது ஹார்ட்சூக்கர் பேச்சுதான் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளை முதல் நாளிலேயே முழுசாக இருக்கிறது. அப்படியானால் ஒரு உதடு பிளந்திருந்தால் அதை யாரோ, எதுவோ பிளந்திருக்க வேண்டும். வெட்டு இருந்தால் அரிவாள் இருக்க வேண்டும். அரிவாள் இருந்தால் அதைப் பிடித்த கை இருக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டிப் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதற்கப்புறம் அவர் சொன்னது எல்லாம் ஒழுங்காகவே வருகிறது.

ஆனால் முகம் அப்படி வருவதில்லை. நம் எல்லோருக்கும் நான்காவது வாரத்தில் முகம் இருக்கும் இடத்தில் ஐந்து மொட்டுகள்தான் இருந்தன. மேலே நெற்றிப் பக்கம் ஒன்று, கன்னத்துக்கு இரண்டு, தாடைக்கு இரண்டு. அவற்றை நிரப்புகிற செல்கள் அங்கேயே பிறந்தவை அல்ல. மூளையாகப் போகிற குழலின் முதுகு விளிம்பிலிருந்து கிளம்பி நடந்து வருகிறவை. நரம்பு முகட்டுச் செல்கள் என்று பெயர். 1969இல் பிரான்சில் நிக்கோல் லே துவாரின், காடைச் செல்லின் உட்கரு கோழியினுடையதைவிட வேறு மாதிரி தெரியும் என்பதைப் பிடித்துக்கொண்டு, காடைத் துண்டைக் கோழிக் கருவில் ஒட்டவைத்து எந்தச் செல் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். 2003இல் ரிச்சர்ட் ஷ்னைடரும் ஜில் ஹெல்ம்ஸும் காடையின் நரம்பு முகட்டுச் செல்களை வாத்துக் கருவில் வைத்தார்கள். வாத்துக்குக் காடை அலகு வந்தது. முகத்தின் வடிவத்தை அந்தப் பயணிகள் கூடவே கொண்டு வருகிறார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது ஹில்டே மாங்கோல்டின் வேலை. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமானிடம் ஆய்வு செய்த மாணவி. வெளிறிய நிறமுள்ள நீர்ப்பல்லி வகை ஒன்றின் கருவிலிருந்து மிகச் சிறிய ஒரு துண்டை எடுத்து, கறுத்த வகை ஒன்றின் கருவில் வயிற்றுப் பக்கம் வைத்தார். அங்கே இரண்டாவதாக ஓர் உடல், முதுகுத்தண்டு நரம்பு எல்லாவற்றோடும் உருவானது. நிறத்தைப் பார்த்தால் அந்த இரண்டாவது உடலில் பெரும்பகுதி கறுத்த செல்கள். அதாவது வைத்த துண்டு தானே உடலாக மாறவில்லை, பக்கத்துச் செல்களிடம் சொல்லி அவற்றை உடலாக்கியது. வயிற்றுத் தோலாக வேண்டியவை, பக்கத்தில் ஒரு குரல் கேட்டு முதுகாகிவிட்டன. அந்தத் துண்டுக்குக் கருவியலில் பெயரே ‘மேலுதடு’ என்பதுதான். கருவின் மேல் தோன்றும் ஒரு துளையின் உதடு அது. படித்தபோது சற்று நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வெளிவந்தது 1924இல். அதே வருஷம் ஹில்டே வீட்டு அடுப்பில் தீப்பிடித்து, கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார். வயது 25. நோபல் பரிசு 1935இல் ஸ்பேமானுக்கு வந்தது.

சரி, உதட்டுக்கு வருகிறேன். நெற்றி மொட்டின் கீழ்ப்பகுதி மூக்கைச் சுற்றிப் பிரிந்து கீழே இறங்குகிறது. கன்ன மொட்டுகள் இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வளர்கின்றன. ஆறாவது வாரத்தை ஒட்டி அவை தொடுகின்றன. தொட்டால் போதாது, இடையில் உள்ள மெல்லிய தோல் கரைந்து, இந்தப் பக்கத்துச் செல்லும் அந்தப் பக்கத்துச் செல்லும் கலக்க வேண்டும். மூக்குக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதன் இரண்டு கரையையும் விரலால் தடவிப் பாருங்கள். கிட்டத்தட்ட அங்கேதான் நாம் ஒட்டவைக்கப்பட்டோம். ஆறாவது வாரத்துக்கு முன்னால் உலகத்தில் எல்லாக் குழந்தைக்கும் உதடு பிரிந்துதான் இருந்தது. உலகளவில் சுமார் எழுநூறு பிறப்பில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ ஏதோ ஒரு பக்கம் அந்தச் சேர்க்கை முடியாமல் போகிறது. ‘பிளவு’ என்ற நம் சொல்லே தப்பு என்று நினைக்கிறேன். முழுசாக இருந்ததை யாரும் பிளக்கவில்லை. சேர வேண்டியது சேரவில்லை.

ஆடிப்பெருக்கு

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி நாட்காட்டியை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். மார்ச் 14 பிறப்பு, நாள் நிறைந்த பிரசவம். கருத்தரித்ததிலிருந்து 266 நாள் என்று பின்னால் எண்ணினால் 2019 ஜூன் 22 வாக்கில் வருகிறது. அங்கிருந்து ஆறு வாரம் முன்னால் வந்தால் ஆகஸ்ட் முதல் வாரம். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள். கரு ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், ஒரு மொச்சைக்கொட்டை அளவு. உதட்டு விஷயம் அந்த ஆடியிலேயே முடிந்துவிட்டது. கிரகணம் வந்தது மார்கழி. நடுவில் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று நான்கு மாதம் முழுசாக இருக்கிறது. முடிந்துபோன ஒன்றை அரிவாள் எப்படி வெட்டும்?

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. மறுநாள் காலையிலேயே போனேன். பாப்பாவைக் குளிக்க வைத்துச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். நாட்காட்டித் தாளைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பாப்பாவின் தலையைத் துவட்டி முடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்போ ஆடியில நான் என்ன செஞ்சேன், அண்ணி?”

எனக்குப் பதில் இல்லை. அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆடி பதினெட்டுக்குத் தென்பெண்ணையில் போய்க் குளித்தோமே, தண்ணீர் சில்லென்று இருந்ததே, அதனாலா? நாள் தள்ளி நான்கு வாரம் ஆகியும் யாரிடமும் சொல்லாமல் தண்ணீர்க் குடம் தூக்கினேனே, அதனாலா? பப்பாளி தின்றேனா? நான் அவளுடைய குற்றத்தை அழிக்கவில்லை. மார்கழியிலிருந்து எடுத்து ஆடியில் வைத்திருக்கிறேன். மார்கழியிலாவது கையில் ஒரு அரிவாள் இருந்தது, ஒரு குட்டியைக் காப்பாற்றிய நியாயம் இருந்தது. ஆடியில் அவளுக்கு அதுகூட இல்லை. எதைச் செய்தோம் என்றே தெரியாத ஒரு குற்றத்தை நான்தான் தேதி போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கேள்வி பல மாதம் என்னோடு இருந்தது. காரணங்கள் தெரியாமல் இல்லை. சில மரபணு மாற்றங்கள், புகை, மது, வலிப்புக்குத் தருகிற சில மாத்திரைகள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் எதுவும் அவளிடம் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால்தான் என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. ஆனால் ‘காரணம் சொல்ல முடியாது’ என்று போய்ச் சொன்னால், மறைக்கிறேன் என்றுதான் நினைப்பாள்.

எனக்குப் பிடி கிடைத்தது எலியிடம். ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே சேர்த்து வளர்த்த எலி வகைகள் உண்டு. மரபணுவில் எல்லா எலியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றே. அதில் ஒரு வகையில் உதடு சேராத குட்டிகள் பிறக்கும். ஆனால் எல்லாம் அல்ல. ஒரே தாய், ஒரே தீனி, ஒரே கூண்டு, ஒரே ஈற்று; வயிற்றில் அடுத்தடுத்து இருந்த குட்டிகளில் சிலவற்றுக்கு உதடு சேர்ந்திருக்கும், சிலவற்றுக்குச் சேர்ந்திருக்காது. சிலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டும். மனிதரில் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொண்டாலும், ஒருவருக்கு உதட்டுப் பிளவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். இரண்டு பேரின் அம்மாவும் ஒருத்திதானே? அவள் செய்தது எதுவானாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே செய்தாள்? மொட்டுகள் சந்திக்க வேண்டிய நேரம் குறுகியது. எல்லோரும் அந்த விளிம்பில் நடந்துதான் வந்தோம். சில கருக்கள் விளிம்புக்கு மிகப் பக்கத்தில் நடக்கின்றன. அங்கே ஒரு மயிரிழை முன்பின் ஆனாலும் போதும். அந்த மயிரிழைக்குப் பொறுப்பு என்று வெளியே ஆள் கிடையாது.

இதை எடுத்துக்கொண்டு நான் திரும்பப் போனபோது பாப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்திருந்தார்கள். அவளிடம் அந்த இரட்டையரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் இரண்டு தடவை கேட்டாள், “ரெண்டும் ஒரே அம்மா வயித்துலயா?” என்று. ஆமாம் என்றேன். “ஒண்ணுக்கு மட்டுமா?” ஆமாம். வெகு நேரம் பாப்பாவின் உதட்டில் இருந்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். அப்புறம் சொன்னாள், “எனக்குச் சொன்னது போதும் அண்ணி. அத்தைகிட்ட ஒரு தடவை சொல்லுங்க.”

நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நாம் எதையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றி அனுப்பலாம். மூளையும் தண்டுவடமும் ஆகிற குழல் கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. 1991இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது: ஏற்கெனவே அந்தக் குழல் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே இதைக் கொடுத்ததில் மறுபடி அப்படி நேர்வது, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு தினம் 400 மைக்ரோகிராம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டியது இது. ஏழாவது மாதத்தில் அறைக்குள் பூட்டி வைப்பதற்கு உள்ள அக்கறையில் கால்வாசி இதற்கு இருந்தால் போதும்.

பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 2022 தை மாதம், மறுபடியும் அடை வைத்திருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம், கோழி தீனிக்கு இறங்கிய நேரம், ஒரு முட்டையை எடுத்துப் போன் டார்ச்சின் மேல் வைத்தேன். ஓடு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. உள்ளே சிலந்தி கால் பரப்பின மாதிரி நரம்புகள், நடுவில் அசைகிற ஒரு புள்ளி. பெரியம்மா வெயிலில் பிடித்துக் கரு பார்த்துப் பழகியவர்தான். துடிப்பை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. முட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். “மூஞ்சி வந்துருச்சா?” என்று கேட்டார். இன்னும் இல்லை, இப்போதுதான் மொட்டு விடுகிறது என்றேன். மனுஷப் பிள்ளைக்கு? என்றார். ஆடியைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை, நாட்காட்டியையும் காட்டவில்லை.

அவர் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுவில் வைத்து மெதுவாக எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. மார்கழியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முட்டையைக் கூடையில் இருந்த இடத்திலேயே, குறி மேல் பார்த்தபடி திருப்பி வைத்தார். கோழி வந்து ஏறி, இறக்கையை அகட்டி உட்கார்ந்தது. நாங்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்தோம். ஆடுகள் படுத்திருந்தன. பெரியம்மா நின்று ஒரு வெள்ளாட்டைக் காட்டினார்.

“அன்னிக்கு அவ கயித்த அறுத்துக் காப்பாத்துன குட்டி இதுதான். ரெண்டு ஈத்து போட்டுருச்சு” என்றார். அப்புறம் வீட்டுக்குள் பார்த்து, தம்பி மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்புட்டியாம்மா?” என்று கேட்டார்.